ஷூபர்ட்டோட மூணு பி-யும் ஒரு துணிப்பட்டையும்

பழைய வியன்னா பியானோல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம் ஒரு துணிப்பட்டை. கம்பிய அடிக்கிற சின்ன சுத்தியலான ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவுல வந்து நிக்கிற மெல்லிசான கம்பளித்துணி, அதுக்கு மாடரேட்டர்னு பேரு. பெடல அமுக்குனா துணி நடுவுல வரும், ஹேமர் துணி மேல அடிக்கும், துணி வழியா கம்பி அதிரும், சத்தம் அப்படியே வேற ஒரு வீட்டுல இருந்து கேக்குற மாதிரி ஆயிடும். 19ஆம் நூற்றாண்டு நடுவுலயே பெரிய பியானோக்கள்ல இருந்து இத எடுத்துட்டாங்க. எடுத்தது பெரிய நஷ்டம்னு நான் நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன்னு எழுதத்தான் இந்தப் போஸ்ட்.

என்ன இதுக்குள்ள இழுத்துட்டு வந்தது ஒரு குறிப்பிட்ட பியானோ. ஃபிரான்ஸ் பிராட்மன்னு ஒருத்தர் 1820 வாக்குல வியன்னால செஞ்சது. ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கிட்ட இருந்திருக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு சாம்ராஜ்யம் சிதறுனப்புறம் கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல் 1919ல சுவிட்சர்லாந்துக்குப் போனார் இல்லையா, அவர் கூட இந்தப் பியானோவும் அந்த நாட்டுக்குப் போயிருக்கு. அவர் மூணே வருஷத்துல மதீரா தீவுல இறந்துட்டார், பியானோ சுவிட்சர்லாந்துலயே தங்கிடுச்சு. 1965ல பாசெல்ல மார்ட்டின் ஷோல்ஸ்ங்கிறவர் இத சீர்பண்ணி திரும்ப வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வந்தார். 2010ல ஹங்கேரிய பியானோ கலைஞர் ஆண்ட்ராஷ் ஷிஃப் கைக்கு வந்துச்சு, அவர் அத பான் நகரத்துல இருக்கிற பீத்தோவன் இல்லத்துல வச்சிருக்கார், அங்க இருக்கிற சின்ன சேம்பர் ஹால்லயே வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட்டோட இசைய ரெக்கார்ட் பண்ணி ஈசிஎம் கம்பெனி 2015ல ரெண்டு சிடியா போட்டாங்க.

அந்த ரெக்கார்டிங்ல ஜி மேஜர் சொனாட்டா, டி 894 (டி-ங்கிறது ஷூபர்ட் படைப்புகளோட பட்டியல் எண்), 1826ல எழுதுனது. அதோட மூணாவது பகுதி மினுவெட்ங்கிற நாட்டிய வகை, நல்லா அழுத்தமா ஆரம்பிக்கும், நடுவுல ட்ரியோன்னு ஒரு குட்டிப் பகுதி வரும், பி (B) மேஜர்ல. அந்த இடத்துல ஷூபர்ட் மூணு பி (ppp) போட்டிருக்கார். தெரியாதவங்களுக்கு சொல்றேன், நோட்டேஷன்ல ஒரு பி போட்டா மெதுவான சத்தம், ரெண்டு பி போட்டா ரொம்ப மெதுவு, மூணு பி-ங்கிறது கேக்குதா இல்லையாங்கிற எல்லை. நான் ரொம்ப வருஷமா வீட்டுல இருக்கிற அப்ரைட் பியானோல (கம்பிகள் நிமிர்ந்து நிக்கிற வகை) இத வாசிச்சிட்டு இருக்கேன். ரெண்டு பி வரைக்கும் கை ஒத்துழைக்கும். மூணு பி-க்குப் போகணும்னா விரல அவ்வளவு கட்டுப்படுத்தணும், கொஞ்சம் கம்மியா அமுக்குனா சில சுரம் வரவே வராது, கொஞ்சம் கூடுனா ரெண்டு பி ஆயிடும், முழு கவனமும் சத்தத்த அடக்குறதுலயே போய் பாட்டு கையவிட்டுப் போயிடும். எந்த டீச்சரும் இதுதான் பயிற்சின்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

பிராட்மன்ல அந்த ட்ரியோ வர்ற இடத்துல எனக்குக் கேட்டது சத்தம் குறைஞ்சது மட்டும் இல்ல. சத்தத்தோட நிறமே மாறிடுது. வெளிச்சமா இருந்த ரூம்ல திரைச்சீலைய இழுத்துவிட்ட மாதிரி. வாசிக்கிறவர் சிரமப்பட்டு அடக்கி வாசிக்கிறாருங்கிற உணர்வே வரல, விரல் நிதானமா பாடுது, மெதுவாக்குற வேலைய துணி பாத்துக்குது. அன்னைக்குத்தான் எனக்கு இப்படித் தோணுச்சு: மூணு பி-ங்கிறது விரலுக்கு எழுதுன கட்டளையா இல்லாம அந்தத் துணிய மனசுல வச்சு எழுதுனதா இருக்குமோ? ஷூபர்ட் இந்த இடத்துல "மாடரேட்டர் போடு"ன்னு எழுதி வைக்கல, அது உண்மை. ஆனா அவர் வாழ்ந்த ஊர்ல, அவர் கைவச்ச மாதிரி பியானோக்கள்ல, அந்தப் பெடல் காலுக்குக் கீழயே இருந்துச்சு. காலுக்குக் கீழ இருக்கிறத எந்த கம்போஸரும் மறந்துட்டு எழுத மாட்டாங்க.

இது புரியணும்னா அந்தப் பியானோ உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாக்கணும். இப்போ நாம பாக்குற பியானோல ஹேமர் வேற ஒரு சட்டத்துல மாட்டியிருக்கும், கீய அமுக்குனா இடையில இருக்கிற பல நெம்புகோல் வழியா அத மேல தள்ளிவிடும். இங்கிலாந்துல வளர்ந்த முறையோட வாரிசு இது. வியன்னா முறைல ஹேமர் கீ மேலயே உக்காந்திருக்கும், ஒரு சின்ன பித்தளைக் கவட்டைல அச்சு கோத்து, ஹேமரோட தலை வாசிக்கிறவர் பக்கம் பாத்திருக்கும். ஹேமரோட வால் நுனில பறவை அலகு மாதிரி ஒரு மூக்கு. கீயோட முன்பக்கத்த அமுக்குனா பின்பக்கம் மேல ஏறும், ஹேமரும் கூடவே ஏறும், ஆனா அந்த மூக்கு மட்டும் பின்னாடி நிக்கிற ஒரு சின்ன மரத்துண்டுல மாட்டிக்கும். மூக்கு மேல போக முடியாததால ஹேமரோட தலை வேகமா மேல எகிறும், அந்த நேரத்துல மரத்துண்டு விலகி மூக்க விட்டுடும், அதுக்கப்புறம் ஹேமர் தன்னால போய் கம்பிய அடிச்சிட்டுத் திரும்பும். விரலுக்கும் ஹேமருக்கும் நடுவுல இருக்கிறது அவ்வளவுதான். ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா இந்த விடுவிப்புத் துண்ட வச்ச பெருமை ஆக்ஸ்பர்க் நகரத்து யோஹான் ஆண்ட்ரியாஸ் ஸ்டைனுக்குத்தான் பெரும்பாலும் போகுது. 1777ல மொஸார்ட் அவர் பட்டறைக்குப் போயிட்டு அப்பாவுக்கு எழுதுன கடிதத்துல இந்தப் பியானோவ வாய் ஓயாம புகழ்ந்திருக்கார், எப்படித் தட்டுனாலும் சத்தம் ஒரே சீரா வருதுன்னு.

ஸ்டைனோட பொண்ணு நானெட் ஸ்ட்ரைஷர் பத்தி சொல்லாம நகர எனக்கு மனசு வரல. 1769ல பொறந்தவங்க, அப்பாகிட்டயே தொழில் கத்துக்கிட்டு, அப்பா இறந்தப்புறம் 1794ல புருஷன், தம்பியோட வியன்னாவுக்கு வந்து பட்டறை போட்டாங்க. பிறகு தம்பி பிரிஞ்சு போனதும் 1802ல இருந்து சொந்தப் பேர்லயே, "ஸ்டைன் குடும்பத்துல பொறந்த நானெட் ஸ்ட்ரைஷர்"னு பலகைல போட்டு, வியன்னாவோட முதல்தரமான பியானோக்கள செஞ்சாங்க. பீத்தோவனுக்கு நெருங்கின சிநேகிதி, 1817, 1818ல அவர் வீட்டு வேலையாள், துணிமணி, சமையல்னு எல்லா விஷயத்துக்கும் இவங்களுக்குத்தான் சீட்டு எழுதி அனுப்பிட்டு இருந்திருக்கார். பீத்தோவனுக்கு உதவி பண்ணவங்கன்னு மட்டும் இவங்கள அறிமுகப்படுத்துறத பாக்குறப்போ எனக்கு வருத்தமா இருக்கும், அந்த ஊரோட வாத்தியத்தையே உருவாக்குனவங்கள்ல ஒருத்தர்.

ஐரோப்பால ஒரு மியூசிக் காலேஜ்ல வால்டர் மாடல் ரெப்ளிகா ஒண்ணுல கைவைக்க எனக்கு வாய்ப்பு கிடைச்சது. ஆண்டன் வால்டர், மொஸார்ட்டோட பியானோவ செஞ்சவர், அந்த ஒரிஜினல் சால்ஸ்பர்க்ல இருக்கு. கீய அமுக்குனதும் முதல்ல தெரியுறது ஆழம். இப்போதைய பியானோல கீ சுமார் 10 மில்லிமீட்டர் கீழ போகும், இதுல அதுல பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், அமுக்குறதுக்கு முன்னாடியே அடி வந்துட்ட மாதிரி. கனமும் கிடையாது, விரல் நுனி போதும், தோளு முழங்கையெல்லாம் தேவையே இல்ல. ரெண்டாவது தெரியுறது ஹேமர் கம்பிய அடிக்கிற அந்தக் கணம் விரல் நுனில லேசா உணர முடியுது, மாடர்ன் பியானோல அத்தன நெம்புகோல் தாண்டி அது விரலுக்கு வந்து சேராது. ஹேமர் தலையும் சின்னது, தோல் சுத்துனது. இப்போ இருக்கிறது அழுத்தி வச்ச கம்பளி ஃபெல்ட். தோல்ல சத்தம் தொடங்குற இடம் கூர்மையா இருக்கும், ஒரு எழுத்துல மெய்யெழுத்து முதல்ல வந்து அப்புறம் உயிர் வர்ற மாதிரி தெளிவா பிரியும், அப்புறம் சீக்கிரமே கரையும்.

சீக்கிரம் கரையுறது ஒரு குறைன்னுதான் பலரும் சொல்லுவாங்க. பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டா, 1801ல எழுதுனது, அதோட முதல் பகுதி தொடக்கத்துலயே ஒரு குறிப்பு இருக்கு: இந்தப் பகுதி முழுசையும் ரொம்ப மென்மையா, டேம்பர் இல்லாம வாசிக்கணும்னு. அதாவது கம்பிகள அடக்குற டேம்பர தூக்கி வச்சிட்டு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லா கம்பியும் திறந்தே இருக்கணும். மாடர்ன் கிராண்டு பியானோல (கம்பிகள் படுக்கையா இருக்கிற பெரிய வகை) இத அப்படியே செஞ்சா நாலு அளவுக்குள்ள, அதாவது நாலு தாளச் சுற்றுக்குள்ள, எல்லா ஹார்மனியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குழம்பிடும், அதனால எல்லாரும் பெடல மாத்தி மாத்தித்தான் வாசிக்கிறோம், குறிப்ப பீத்தோவனோட ஒரு விநோதம்னு விட்டுடுறோம். வியன்னா பியானோல முந்தின ஹார்மனி அடுத்தது வர்றதுக்குள்ள பாதி கரைஞ்சிடும், மிச்சம் இருக்கிறது ஒரு மெல்லிய படலமா பின்னாடி நிக்கும், அவர் கேட்டது அந்தப் படலத்தத்தான். குறிப்புல எந்த விநோதமும் கிடையாது, பியானோ மாறிடுச்சு.

இன்னொண்ணு கம்பிகள் போற விதம். இப்போதைய கிராண்டுல கீழ் ஸ்தாயிக் கம்பிகள் மத்த கம்பிகளுக்கு மேல குறுக்கா போகும், ஸ்டைன்வே கம்பெனி 1859ல கிராண்டு பியானோவுக்குக் காப்புரிமை வாங்குன முறை. சத்தம் எல்லாம் ஒண்ணா கலந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே குரலா இருக்கும். பழைய வியன்னா பியானோல எல்லா கம்பியும் ஒண்ணுக்கொண்ணு இணையா நேரா போகும், அதனால மேல் ஸ்தாயி ஒரு குரல், நடு ஒரு குரல், கீழ ஒரு குரல், மூணு பேர் உக்காந்து வாசிக்கிற மாதிரி பிரிஞ்சு கேக்கும். ஷூபர்ட்டோட கடைசி சொனாட்டா டி 960, 1828 செப்டம்பர்ல முடிச்சது, அந்த நவம்பர் 19ஆம் தேதி இறந்துட்டார், வயசு 31. அதுல அந்த அமைதியான முதல் வரி முடிஞ்சதும் எட்டாவது அளவுல இடது கைல ரொம்பக் கீழ ஒரு ட்ரில் (பக்கத்து ரெண்டு சுரத்த வேகமா மாத்தி மாத்தி வாசிக்கிறது) வரும், ஜி ஃப்ளாட்ல, ரெண்டு பி. இத பத்தி எழுதாத ஆளே இல்ல, தூரத்து இடின்னு எல்லாரும் சொல்லுவாங்க. மாடர்ன் பியானோல எனக்கும் இடி மாதிரித்தான் கேட்டுச்சு, மங்கலா ஒரு உறுமல். பிராட்மன்ல அந்த ட்ரில்லோட ரெண்டு சுரமும் தனித்தனியா காதுல விழுது, கம்பி அதிர்ற சொரசொரப்பு கூட கேக்குது, தூரத்துல இருந்த விஷயம் அதே ரூமுக்குள்ள வந்துடுச்சு. அதுக்கப்புறம் பழைய ரெக்கார்டிங்குகள்ல அந்த இடம் வர்றப்போ நான் அந்த ரெண்டு சுரத்தையும் தேடிக்கிட்டே இருக்கேன்.

சரி, பெடலுக்கு வரேன். பிராட்மன்ல நாலு பெடல். ஒண்ணு டேம்பர் தூக்குறது, இப்பவும் இருக்கிறது. இன்னொண்ணு கீபோர்ட முழுசா நகத்தி ஹேமர் எல்லா கம்பியையும் அடிக்காம கம்மியா அடிக்க வைக்கிறது. இதோட வாரிசு இப்போதைய கிராண்டுல இடது பெடலா இருக்கு, ஆனா அதுல மூணு கம்பில இருந்து ரெண்டு கம்பிக்குத்தான் போக முடியும், பழைய பியானோக்கள் பலதுல ஒத்தக் கம்பி வரைக்கும் போகலாம். பீத்தோவன் 1816ல எழுதுன ஓபஸ் 101 சொனாட்டால நிதானமான வேகத்துல போற பகுதிய ஒத்தக் கம்பில வாசின்னு போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கம்பிகள கூட்டிக்கிட்டே போன்னு போட்டிருக்கார். இன்னைக்கு கான்சர்ட் ஹால்ல இருக்கிற பியானோல அந்தக் கட்டளைய நிறைவேத்துறதுக்கு வழியே இல்ல. மூணாவது பஸூன் (ஒரு ஊதுவாத்தியம்) பேர்ல இருக்கிற பெடல், காகிதத்தோலும் பட்டும் சேர்ந்த ஒரு பட்டைய கீழ் ஸ்தாயிக் கம்பி மேல படுக்க வச்சு கரகரன்னு ஒலிக்க வைக்கும், நாட்டிய இசைக்கும் அணிவகுப்பு இசைக்கும் வீடுகள்ல ரசிச்சாங்க. சில பியானோக்கள்ல துருக்கி இசைன்னு தனியா ஒரு பெடல், அமுக்குனா அடில ஒரு கோல் சவுண்ட்போர்ட, அதாவது ஒலிய பெருசாக்குற பலகைய, மேளமா அடிக்கும், கூடவே மணி அடிக்கும். அது எனக்கு அவ்வளவா ஒட்டல.

நாலாவதுதான் நம்ம மாடரேட்டர். ஒரு நீளமான மரச்சட்டம், அதுல இருந்து நாக்கு மாதிரி துணித்துண்டுகள் வரிசையா தொங்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் ஹேமர் அடிக்கிற இடத்துக்கு நேரா. பெடல அமுக்குனா சட்டம் நகர்ந்து துணி ஹேமர் பாதைல வந்து நிக்கும். துணி எவ்வளவு தடிப்பு, நெசவு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு பழசு, எல்லாமே சத்தத்த மாத்தும். கான்ராட் கிராஃப் செஞ்ச சில பியானோக்கள்ல ரெண்டு அடுக்குத் துணி, ஒரு அடுக்கு போட்டா ஒரு நிறம், ரெண்டும் போட்டா இன்னும் உள்ள போன நிறம். கிராஃப் 1824ல அரண்மனை பியானோ தயாரிப்பாளர்னு பட்டம் வாங்குனவர், பீத்தோவனோட கடைசி வருஷங்கள்ல ஒரு பியானோவ அவர் வீட்டுக்குக் கொடுத்து வச்சிருந்தார், காது கேக்காதவருக்காக பெரும்பாலான சுரங்களுக்கு நாலு நாலு கம்பி போட்டது, அதுவும் இப்போ பான் பீத்தோவன் இல்லத்துலதான் இருக்கு. 1840ல பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் கல்யாணத்துக்கு கிராஃப் குடுத்த பியானோ இசையமைப்பாளர் பிராம்ஸ் கைக்குப் போய், அவர் மூலமா வியன்னா இசை நண்பர்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்துச்சு.

ஷூபர்ட் எப்படி வாசிச்சார்ங்கிறதுக்கு அவரோட வார்த்தையே இருக்கு. 1825 கோடைல வெளியூர்ல இருந்து அப்பா அம்மாவுக்கு எழுதுன கடிதத்துல, ஏ மைனர் சொனாட்டாவோட ரெண்டாவது பகுதிய வாசிச்சப்போ என் கைல கீ எல்லாம் பாடுற குரலா மாறிடுதுன்னு சிலர் சொன்னாங்கன்னு சந்தோஷமா சொல்லிட்டு, பெரிய பெரிய பியானோ கலைஞர்கள் கூட செய்யுற அந்த கொத்திக் கொத்தி வாசிக்கிறது எனக்குப் பொறுக்க முடியல, காதுக்கும் ஆகாது மனசுக்கும் ஆகாதுங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார். இத படிச்சிட்டு அந்தத் துணிய நினைச்சுப் பாத்தா எனக்கு எல்லாம் பொருந்திப் போகுது. குரல்னா சத்தம் கூடுறது குறையுறது மட்டும் இல்ல, முணுமுணுக்கிற குரல் வேற, பாடுற குரல் வேற, ரெண்டுக்கும் தொண்டை வேற மாதிரி வேலை செய்யும்.

இப்போ ரெஸ்டோரேஷன், அதாவது பழைய பியானோவ சீர்பண்றது. இதுதான் எனக்கு யோசிக்க யோசிக்க ஆச்சரியமா இருக்கிற விஷயம். 200 வருஷம் ஒரு மரப்பெட்டி கம்பி இழுவைய தாங்கிட்டு நிக்குது. மாடர்ன் கான்சர்ட் கிராண்டுல எல்லா கம்பியும் சேந்து இழுக்குற இழுவை 20 டன் வரைக்கும் போகும், அத தாங்குறது வார்ப்பிரும்பு சட்டம், பியானோவே கிட்டத்தட்ட 480 கிலோ. பழைய வியன்னா பியானோல இழுவை அதுல ஒரு சின்ன பங்குதான், ஆனா தாங்குறது வெறும் மரம். வருஷக்கணக்குல அந்த இழுவைல பெட்டி மெதுவா முறுக்கிக்கும், ஒரு மூலை தரைல இருந்து எழும்பும். ட்யூனிங் ஆணி அடிச்சிருக்கிற பலகை விரியும், ஆணி நிக்காது, ஸ்ருதி நிக்காது. ஸ்ப்ரூஸ் மரத்துல செஞ்ச சவுண்ட்போர்டுல வெடிப்பு விழும், 20ஆம் நூற்றாண்டுல வீடுகளுக்கு ஹீட்டிங் வந்து காத்து காய்ஞ்சு போனதுல இது இன்னும் மோசமாச்சு. அதுக்கு அதே மாதிரி பழைய ஸ்ப்ரூஸ்ல சீவின மெல்லிய துண்ட வெடிப்புக்குள்ள செருகி ஒட்டுவாங்க, மிருகத்தோல்ல காய்ச்சின பழைய வகைப் பசையில. அந்தப் பசையோட அருமை என்னன்னா சூடும் ஈரமும் காட்டுனா விட்டுடும், நாளைக்கு வர்ற இன்னொருத்தர் சேதாரம் இல்லாம பிரிச்சு வேலை பாக்கலாம்.

ஆனா காலம் பண்ண சேதத்தவிட மனுஷன் பண்ண சேதம் பெருசு. நல்ல எண்ணத்தோட யாராவது இடையில ரிப்பேர் பண்ணியிருப்பாங்க. தோல உரிச்சிட்டு ஹேமர்ல ஃபெல்ட் ஒட்டியிருப்பாங்க. கம்பி அடிக்கடி அறுதுன்னு தடிப்பான மாடர்ன் ஸ்டீல் கம்பி போட்டு, இந்தக் காலத்து ஸ்ருதிக்கு, 440க்கு (ஏ சுரம் நொடிக்கு 440 தடவ அதிர்றது) ஏத்தியிருப்பாங்க. அந்தக் காலத்து ஸ்ருதி இடத்துக்கு இடம் மாறும்னாலும் இப்போ இந்த மாதிரி பியானோக்கள பெரும்பாலும் 430 வாக்குல வைக்கிறாங்க. தடிப்பும் கூடி ஸ்ருதியும் கூடுனா இழுவை ஏறும், மரம் முறுக்கும். மாடரேட்டர் துணி பூச்சி அரிச்சிருந்தா அத தூக்கியே போட்டிருப்பாங்க, எதுக்குன்னே தெரியாம. அதனால சீர்பண்றவர் முதல்ல செய்ய வேண்டியது துப்பறியுற வேலை. பழைய கம்பியோட மிச்சம் எங்கயாவது சுத்தியிருக்கா, எந்தத் தடிப்புக் கம்பி எங்கன்னு மரத்துல நம்பர் எழுதியிருக்கா, ஒரிஜினல் தோல் ஒரு ஓரத்து ஹேமர்லயாவது மிச்சம் இருக்கா. கடைசி ஓரத்துல இருக்கிற சுரத்த யாரும் அதிகம் வாசிக்காததால அங்க தப்பிச்சிருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தோல எத்தன அடுக்கு, எவ்வளவு தடிப்புன்னு பாத்து மத்த ஹேமர்களுக்கு அதே மாதிரி செய்யணும். இந்தக் காலத்து ஸ்டீல் ரொம்ப விறைப்பு, அதனால பழைய இரும்புக் கம்பி மாதிரி மெதுவான கம்பிய இப்போ இதுக்குன்னே இழுத்துக் குடுக்குறவங்க இருக்காங்க, கீழ் ஸ்தாயிக்குப் பித்தளைக் கம்பி.

இதுல எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. எல்லா பழைய பியானோவையும் வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வரணும்னு நான் சொல்ல மாட்டேன். சில அருங்காட்சியகங்கள் கம்பிய தளர்த்தி, அப்படியே பேசாம வச்சிருக்காங்க, மரத்துக்கு அதுதான் நல்லது, அதுல இருக்கிற ஒரிஜினல் தோலும் துணியும்தான் நாளைக்கு ரெப்ளிகா செய்யுறவங்களுக்கு ஆதாரம். ஆனா ஏற்கனவே ஒரு தடவ சீர்பண்ணி, நல்லா ஒலிச்சிட்டு இருக்கிற பிராட்மன் மாதிரி ஒண்ண கண்ணாடிக்குப் பின்னாடி வச்சா அது பெரிய இழப்பு. ரெண்டுக்கும் நடுவுல ரெப்ளிகா ஒரு நல்ல வழி, செக் நாட்டுல இருந்து பால் மெக்நல்டி செஞ்ச வால்டர், கிராஃப் ரெப்ளிகாக்கள்லதான் பியானோ கலைஞர் ரொனால்ட் பிரௌடிகம் பீத்தோவன் சொனாட்டா எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணார். புது மரம், புது தோல், அதனால பீத்தோவன் காலத்துல பியானோ புதுசா எப்படி ஒலிச்சிருக்கும்னு அதுலதான் கிட்டத்துல தெரியும்.

ஏன் இந்தப் பியானோ போச்சுங்கிறது பெரிய கதை, ஆனா சுருக்கமா சொல்லலாம். ஹால் பெருசாச்சு, கூட்டம் பெருசாச்சு, பெருசா அடிச்சு வாசிக்கிறவங்க வந்தாங்க, மரச்சட்டம் தாங்கல. ஆல்ஃபியஸ் பாப்காக் 1825ல பாஸ்டன்ல ஒரே வார்ப்பு இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்குனார், அடுத்த வருஷமே பாரிஸ்ல ஹென்றி பாப் ஃபெல்ட் ஹேமருக்கு வாங்குனார், ஷூபர்ட் இன்னும் உயிரோட இருக்கார் அப்போ. வியன்னா மட்டும் தன் வழிய ரொம்ப நாள் விடல. யோசெஃப் பிராட்மன்னு இன்னொரு பியானோ தயாரிப்பாளர் பட்டறைய 1828ல அவரோட சீடர் இக்னாஸ் போசென்டார்ஃபர் எடுத்துக்கிட்டார், இன்னைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச அதே போசென்டார்ஃபர், அந்தக் கம்பெனி 20ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும் வியன்னா முறைல பியானோ செஞ்சிட்டு இருந்துச்சு.

அந்தத் துணி என்ன ஆச்சுன்னு பாத்தா, அது முழுசா சாகல. வீட்டுல அப்ரைட் பியானோ வச்சிருக்கிறவங்க நடு பெடல அமுக்கிப் பாருங்க. பல மாடல்ல ஒரு ஃபெல்ட் பட்டை ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவுல இறங்கும், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாம ராத்திரி பயிற்சி பண்றதுக்கு. அதே மாடரேட்டர்தான். ஃபெல்ட் தடிப்பு கூட, அதனால சத்தம் மொத்தமா மழுங்கிப் போகும், நிறம் எல்லாம் வராது. ஆனாலும் நான் இப்போ அந்த ஜி மேஜர் ட்ரியோவ நடு பெடல அமுக்கித்தான் வாசிக்கிறேன், விரல் பாடுறதுக்கு இடம் கிடைக்குது. கொஞ்சம் மெல்லிசான துணிய அந்த சட்டத்துல மாட்டிப் பாக்கலாமான்னு எங்க ட்யூனர்கிட்ட கேட்டிருக்கேன், அவரும் ஆர்வமா இருக்கார்.

சத்தம் சின்னதா இருக்கு, தகர டப்பா மாதிரி இருக்குன்னு பழைய பியானோவப் பத்தி சொல்றவங்கள எனக்குத் தெரியும், அவங்க கேட்டது பெரும்பாலும் தோல் இறுகிப் போன, அரைகுறையா சீர்பண்ண பியானோவா இருக்கும். நல்லா சீர்பண்ணதுல அந்தக் குறை வராது. நம்பிக்கை இல்லாதவங்க ஷிஃப் 2013ல வெளியிட்ட பீத்தோவனோட டயபெல்லி வேரியேஷன்ஸ் ஆல்பத்த எடுத்துக்கோங்க. ஒரே ஆளு, ஒரே இசைய ரெண்டு தடவ வாசிச்சிருக்கார், ஒரு சிடில 1921ல செஞ்ச பெக்ஸ்டைன் பியானோ, இன்னொண்ணுல இதே பிராட்மன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கேட்டா யார் சொல்றதையும் நம்ப வேண்டிய அவசியம் இல்ல, உங்க காதே சொல்லிடும்.

ஷூபர்ட்ல தொடங்குறவங்க 2015 ஆல்பத்துல ஜி மேஜர் சொனாட்டாவோட மூணாவது பகுதிய முதல்ல போடுங்க, ஹெட்போன்ல, மினுவெட் தொடங்குறப்பவே உங்களுக்குத் தேவையான அளவுக்கு வால்யூம் வச்சிடுங்க, ட்ரியோ வந்ததும் வால்யூம் கூட்டக் கை போகும், கூட்டாதீங்க. அப்புறம் டி 960ஓட முதல் பகுதி, அந்த ட்ரில்லுக்காக. 2019ல அதே பியானோல இன்னொரு ஆல்பம் வந்திருக்கு, அதுல டி 899 இம்ப்ராம்ப்டுகள் (சின்னப் பியானோ பீஸ்கள்) நாலும், டி 958, டி 959 சொனாட்டாக்களும் இருக்கு. அதுல மூணாவது இம்ப்ராம்ப்டு, ஜி ஃப்ளாட் மேஜர்ல இருக்கிறது, பியானோ கத்துக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச பீஸ்தான், நடுக்குரல்கள் ஓடுறது கூட அதுல எவ்வளவு தெளிவா பிரிஞ்சு கேக்குதுன்னு கேட்டுட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க.